பிள்ளையை மாமி வீட்டில் விடுவதா, முன்பின் அறியாதவர் வீட்டில் விடுவதா?

கேள்வி: நெடுங்கேணியிலிருந்து ஒரு தந்தை, 05.01.2025

என் மகளுக்குக் கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் விவசாயம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. என் தங்கை ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் குடும்பத்தோடு இருக்கிறாள். ஆனால் அவளுடைய வீட்டுக்கும் அந்தக் கல்லூரிக்கும் இடையில் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தூரம். உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் மாதக் கட்டணத்துக்குத் தங்கலாம் என்றும், அது பிள்ளையின் ஆளுமையை வளர்க்கும் என்றும் சொல்கிறார்கள். காசு கொடுத்து அந்நியர் வீட்டில் இருந்தால் என்ன ஆளுமை வளரும்? ரொறன்ரோவில் ஒரு கல்லூரியைப் பார்த்து மாமியின் வீட்டில் விடுவதே புத்தி என்பது என் எண்ணம். அங்கே இருந்து பார்த்தவர்கள் யாராவது மறுத்துச் சொல்ல முடியுமா?

05.01.2025, இரவு

நான் மறுக்கிறேன், ஐயா. மல்லாவியில் பிறந்து, கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயத்தில் பட்டம் பெற்று, 2021 செப்டெம்பரில் நோவா ஸ்கோஷியாவின் ட்ரூரோ என்ற சிறு நகருக்கு மேற்படிப்புக்குப் போனவள் நான். அங்கே 1905 இல் தொடங்கப்பட்ட விவசாயக் கல்லூரி 2012 முதல் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமாக இயங்குகிறது. படிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆகவே வீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நம் வீடுகளில் ஒரு பிள்ளை வாய் திறந்து எதையும் கேட்க வேண்டிய தேவை வருவதில்லை. பசித்த முகத்தை அம்மா பார்த்துவிடுவார். காசு முடிந்ததை அப்பா ஊகித்துவிடுவார். மனம் சரியில்லை என்பதை அம்மம்மா அயல் வீடு வரைக்கும் சொல்லிவிடுவார். மாமியின் வீட்டில் அதே ஏற்பாடுதான் கடல் கடந்து தொடரும். பிள்ளை இரவு சாப்பிடாமல் படுத்தால் விடிவதற்குள் நெடுங்கேணிக்குத் தொலைபேசி அழைப்பு வரும். அறியாதவர் வீட்டில் உங்கள் மகளின் முகத்தைப் படிக்க யாருக்கும் தெரியாது. அவளே சொல்ல வேண்டும். இருபது வயதைக் கடந்த பின்னர்தான் நான் அதைப் பழகினேன் என்பது எனக்கே வியப்பு.

ஓர் உதாரணம் தருகிறேன். நான் இருந்த வீட்டில் மாலை ஐந்தரைக்கு இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். நமக்கு அது தேநீர் நேரம். ஒன்பது மணிக்கு வயிறு கூப்பிடும். எங்கள் ஊரில் அடுத்தவர் வீட்டில் பசிக்கிறது என்று சொல்வது வீட்டுக்காரருக்குச் செய்யும் அவமரியாதை என்பதால், பல வாரங்கள் அறைக்குள் பிஸ்கட் தின்று காலம் கழித்தேன். கடைசியில், இரவில் கொஞ்சம் சோறு சமைக்கலாமா என்று கேட்டேன். வீட்டம்மா யோசிக்காமல், பத்து மணி வரை சமைக்கலாம், புகைபோக்கி விசிறியைப் போட வேண்டும், சட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் சொன்னார். அவ்வளவுதான் விடயம். அத்தனை வாரப் பட்டினியும் என் தலைக்குள் மட்டும் நடந்த ஒன்று.

06.01.2025

வவுனியாத் தம்பி ஒருவர், வங்கியில் 10,000 டொலர் காட்டினால் விசாவுக்குப் போதும் என்று எழுதியிருக்கிறார். அது நான் போன காலத்துக் கணக்கு. 2024 ஜனவரி முதலாம் திகதி அந்தத் தொகை, கல்விக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக, 20,635 கனேடிய டொலராக உயர்த்தப்பட்டது. மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பும் அதே ஆண்டில் வந்துவிட்டது. தவணைக் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் வேலை செய்யலாம் என்று 2024 நவம்பரில் மாற்றியிருக்கிறார்கள். முன்னர் அது 20 ஆக இருந்தது. வேலை செய்து கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் முகவராக இருக்கக்கூடும்.

09.01.2025

குடும்பத்தோடு தங்குவது என்ற பெயரில் எல்லாம் நடக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். முகவர் ஒருவர் மூலம் கிடைத்த முதல் வீடு வீடாகவே இருக்கவில்லை. நிலக்கீழ் அறைகளில் மாணவர்களை அடுக்கி, மேலே குடும்பம் தனியாக வாழ்ந்தது. குளிர்சாதனப் பெட்டியின் ஒரு தட்டு எங்களுக்கு, மற்றவை அவர்களுக்கு. ஒரே மேசையில் அமர்ந்து அவர்களுடன் ஒருவேளை உணவு உண்டதில்லை. அங்கே எந்த ஆளுமையும் வளரவில்லை. குளிரில் கால் மட்டும் வெடித்தது. தவணை முடிவதற்குள் அறிவித்தல் கொடுத்துவிட்டு வெளியேறினேன். ஆகவே கட்டணம் கட்டினால் வளர்ச்சி தானாக வந்து சேரும் என்று நான் சொல்லவில்லை.

இரண்டாவது வீட்டில், அதாவது ஐந்தரை மணிச் சாப்பாடு என்று மேலே எழுதிய வீட்டில், ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் இருந்தார்கள். பிள்ளைகள் தூர மாகாணங்களுக்குப் போய்விட்டார்கள். ஐயா முன்னர் பாற்பண்ணை வைத்திருந்தவர். அம்மா பாடசாலையொன்றின் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர். நகரத்துக்கு வெளியே, சொந்தக் கிணறும் மலக்குழியும் உள்ள பழைய மரவீடு. குளிக்கும்போது தண்ணீரை வீணாக்காதே என்று அவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். முந்தைய மாணவர்கள் கோபித்துக்கொண்டார்களாம். வெயில் காலத்தில் கிணறு அடியில் போய்விடும் ஊரிலிருந்து வந்தவளிடம் அதைச் சொல்ல ஏன் தயங்க வேண்டும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ஐயா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடலோரப் புல்வெளிகளுக்குக் கூட்டிப் போனார். ஃபண்டி விரிகுடாவின் வற்றுப்பெருக்கு உலகிலேயே மிக உயரமானது. கடல் ஏறும்போது ட்ரூரோவை ஒட்டி ஓடும் சமன் ஆற்றில் தண்ணீர் மேல்நோக்கிப் பாய்ந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்து அங்கே குடியேறிய அக்கேடியர்கள் மண்ணணை கட்டி, அணைக்குள் மரத்தால் ஒரு வாய்க்கால் வைத்து, அதில் ஒருபக்கமாக மட்டும் திறக்கும் கதவைப் பொருத்தினார்கள். நன்னீர் வெளியே வடியும். கடல் ஏறினால் கதவு தானாக மூடிக்கொள்ளும். உவர் நிலம் அப்படித்தான் விளைநிலம் ஆனது. நான் பதிலுக்கு வவுனிக்குளத்தின் கீழுள்ள எங்கள் வயலையும், வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதையும், கடைமடைக்காரன் இரவில் டோர்ச்லைட்டோடு மடையில் காவல் இருப்பதையும் சொன்னேன். அந்த வீட்டில் நான் முதன்முதலாக ஒருவருக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது அன்றுதான். அதற்கு முன்னர் எல்லாவற்றையும் எனக்குத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

15.01.2025

பொங்கல் முடிந்தது. தனிச்செய்தியில் இருவர், நீங்கள் வளர்ந்ததாகச் சொல்வது சோறு சமைக்க அனுமதி கேட்டதைத்தானா என்று கேலி செய்திருக்கிறார்கள். கேலியில் நியாயம் உண்டு. ஆகவே காசு விடயத்துக்கு வருகிறேன்.

2022 மார்ச்சில் இலங்கை ரூபா மிதக்கவிடப்பட்டபோது நடந்ததை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எரிபொருள் வரிசையில் நின்றவர்கள்தான் நாம் எல்லோரும். பெப்ரவரியில் ஏறக்குறைய 160 ரூபாவாக இருந்த கனேடிய டொலர், மே மாதத்தில் 280 ஐ அண்மித்தது. வீட்டுக்கு நான் கொடுக்க வேண்டிய மாதக் கட்டணம் 800 டொலர். அப்பா பெப்ரவரியில் 128,000 ரூபாவில் முடித்த அதே காசுக்கு மே மாதம் 224,000 ரூபா வேண்டியிருந்தது. அந்த ரூபாவைப் புரட்டினாலும் வங்கியில் டொலர் இருக்கவில்லை. எங்கள் வயலை ஈடு வைக்கப் போவதாக அப்பா தொலைபேசியில் சொன்ன அன்று, வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தேன். அதன் பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்காபரோவில் எனக்கும் உறவு உண்டு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், காசு வந்திருக்கும். அதோடு அந்தச் செய்தி மூன்று நாடுகளுக்குப் போயிருக்கும். நான் ஒரு தாளில் என் கையிருப்பு, வேலையில் வரக்கூடியது, புத்தகச் செலவு எல்லாவற்றையும் எழுதி, மாதம் 450 டொலருக்கு மேல் என்னால் முடியாது என்று அடியில் குறித்து, சமையலறை மேசையில் வீட்டம்மாவின் முன்னால் வைத்தேன். கை நடுங்கியது. உள்ளுக்குள் நான் எதிர்பார்த்தது ஒன்றுதான்: "பரவாயில்லை பிள்ளை, காசு என்ன காசு" என்று அவர் சொல்வார் என்று. எங்கள் ஊரில் யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அவர் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வரிவரியாகப் படித்தார். பேருந்து இல்லாத இடத்தில் போக்குவரத்துக்கு நான் எழுதிய தொகை குறைவு என்று திருத்தினார். ஓகஸ்ட்டில் காட்டு நீலப்பழ அறுவடைக்கு ஆள் எடுப்பார்கள், விடுமுறையாதலால் முழுநேரம் வேலை செய்யலாம் என்றார். செப்டெம்பர் வரை மாதம் 400 கொடு, மீதியைக் குறித்து வைப்போம், அறுவடை முடிந்ததும் தீர்க்கலாம் என்று சொல்லி, ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி, என்னிடமும் கையொப்பம் வாங்கினார். நான் அறைக்குப் போய் அழுதேன். இவ்வளவு நாளும் பிள்ளை போல வைத்திருந்துவிட்டுக் கடன்காரிபோல் கையொப்பம் வாங்கினாரே என்ற அழுகை அது.

ஓகஸ்ட் முழுவதும் இடுப்பை ஒடித்துக்கொண்டு நீலப்பழம் வாரினேன். அந்தச் செடி முழங்காலுக்குக் கீழே வளர்வது. சீப்புப் போன்ற பற்களுள்ள வாருகருவியால் குனிந்தே வார வேண்டும். மிளகாய்த் தோட்டத்தில் குனிந்த முதுகுக்கும் அது புதிய வலியாக இருந்தது. செப்டெம்பரில் கடனைத் தீர்த்தேன். வீட்டம்மா கொப்பியில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டார். அன்று இரவு மேசையில் நான் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கதைத்தேன் என்று அந்த வீட்டு ஐயா பிறகு சொன்னார். எனக்கு அது தெரியாது. ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியவளாக நான் அன்று இருக்கவில்லை என்பது தெரியும்.

ஐயா, உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தக் கோட்டில்தான் இருக்கிறது. உறவினர் வீட்டுக் கடனுக்குக் கொப்பி கிடையாது. ஆகவே கோடும் கிடையாது.

16.01.2025

ஸ்காபரோவிலிருந்து ஓர் அண்ணா காரசாரமாக எழுதியிருக்கிறார். இரண்டு வேலை செய்து, ஈட்டுக்கடன் கட்டி, ஊரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அறையும் சோறும் கொடுக்கும் குடும்பங்களை நான் கொச்சைப்படுத்துகிறேனாம். இல்லை, அண்ணா. என் மச்சாள் ஒருத்தி சித்தப்பாவின் வீட்டில் ஒரு சதம் கொடுக்காமல் நான்கு வருடம் இருந்து படித்தாள். சித்தப்பா ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் இன்று சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்புக்கு வண்டி ஓட்டுவதும் அவள்தான், சித்தியின் தாயாரை மருத்துவரிடம் அழைத்துப் போவதும் அவள்தான், முடியாது என்று சொல்லத் தெரியாதவளும் அவள்தான். அவளுடைய மாப்பிள்ளையைக்கூடச் சித்தப்பாவின் நண்பர்தான் பேசி வைத்திருக்கிறார். மாப்பிள்ளை நல்லவர் என்பது வேறு விடயம்.

16.01.2025, பின்னிரவு

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். 2022 நத்தாருக்கு அதே சித்தப்பாதான் விமானச் சீட்டு எடுத்து அனுப்பினார். ரொறன்ரோவில் இறங்கியதும் சித்தி தந்த புட்டையும் கணவாய்க் கறியையும் நின்றபடியே சாப்பிட்டேன். எந்தக் கொப்பியும் தேவைப்படாத சாப்பாடு அது. ட்ரூரோ வீட்டில் சனிக்கிழமை மாலை வழக்கமாக வரும் இனிப்பிட்ட அவரைக்கும் கரிய ரொட்டிக்கும் நான் பழகிக்கொண்டேன். விரும்பினேன் என்று சொன்னால் பொய்.

26.01.2025

இந்த இழையை என் தங்கை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அம்மாவுக்குக் கடும் கோபம். "காசு வாங்கிக்கொண்டு இடம் கொடுத்தவளைப் புகழ்ந்து எழுதுகிறாய்; 96 இல் எங்கள் வளவில் இருந்தவர்களிடம் நாங்கள் ஒரு சதம் வாங்கினோமா?" என்று கேட்டார். வாங்கவில்லை. அதை நான் எழுதியிருக்க வேண்டும் என்று அவர் சொன்னதால் எழுதுகிறேன். எழுதத் தொடங்கியதும் என் எண்ணமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

1995 ஒக்டோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்ததும், அடுத்த ஆண்டு பலர் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்ததும், 1996 நடுப்பகுதியில் கிளிநொச்சி நகரமே பெயர்ந்து அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கம் வந்ததும் இங்கே வயதானவர்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வளவில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. எனக்கு நினைவு தெரிந்தபோது அவர்களுடைய கொட்டில்கள் ஏற்கெனவே அங்கே இருந்தன. முற்றம் என்றால் பல அடுப்புகள் புகைவது என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

அந்த அடுப்புகளைப் பற்றித்தான் இன்று அம்மாவிடம் மறுபடி கேட்டேன். வந்தவர்கள் முதலில் எங்கள் அடுப்பிலேயே சாப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் அம்மம்மா அவர்களுக்குத் தனி அடுப்பு மூட்டக் கல்லும், தனிக் குடமும், வேலியில் தனிப் படலையும் கொடுத்தார். "இருக்க இடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பிரித்துவிட்டாள்" என்று அயலில் பேசினார்களாம். அம்மம்மாவோ, அவர்களுடைய கறியில் உப்பு எவ்வளவு என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றாராம். அந்தக் குடும்பத்துத் தாய் தையல் தெரிந்தவர். எங்கள் வீட்டுப் பாடசாலைச் சட்டைகள் எல்லாம் அவர் தைத்தவை. தகப்பன் கிணற்றுக் கட்டை எடுத்துக் கட்டினார். யாரும் கேட்கவில்லை, ஆனால் யாரும் மறுக்கவும் இல்லை. அந்தக் குடும்பம் இன்றும் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வருகிறது. அடுப்பைப் பிரிக்காமல் ஒரே சட்டியில் வைத்திருந்த இன்னொரு வளவில், இருந்தவர்களும் இருக்க இடம் கொடுத்தவர்களும் இன்றுவரை முகம் பார்ப்பதில்லை என்பதை அம்மாவே சொன்னார்.

ஆகவே, உறவு என்றால் கொப்பி கிடையாது என்று பதினைந்தாம் திகதி எழுதியதை நான் சுருக்கிக்கொள்கிறேன். எங்கள் ஊருக்கும் கொப்பி தெரியும். அதை எழுதாமல் அடுப்பாலும் படலையாலும் தையலாலும் வைத்திருந்தார்கள். ட்ரூரோ அம்மாவும் மல்லாவி அம்மம்மாவும் சந்தித்திருந்தால் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அம்மாவின் கோபம் இதற்குப் பிறகும் தணியவில்லை.

02.02.2025

முருங்கன் தங்கை ஒருத்தி, நீங்கள் அவர்களுக்கு ஏதாவது உதவியாக இருந்தீர்களா, கடைசி வரைக்கும் வாடகைப் பிள்ளைதானா என்று கேட்டிருக்கிறாள்.

2022 செப்டெம்பர் 24 அதிகாலையில் ஃபியோனா புயல் நோவா ஸ்கோஷியாவின் கிழக்கே கரையேறியது. மாகாணத்தில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்பாவனையாளர்களுக்கு மின்சாரம் போனது. எங்கள் பகுதிக்கு அது திரும்பச் சில நாள்கள் ஆகின. அங்கே மின்சாரம் போனால் கிணற்றுப் பம்பி நின்றுவிடும். பம்பி நின்றால் குழாயில் தண்ணீர் இல்லை, மலக்கூடத்தில் தண்ணீர் இல்லை. ஐயாவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

வளவின் மூலையில் கொங்கிறீற்று மூடி போட்ட பழைய கைக்கிணறு ஒன்று இருந்தது. மூடியை அயலவர் உதவியோடு நகர்த்தி, வாளியில் கயிறு கட்டி நான் தண்ணீர் அள்ளினேன். வாளியைக் கவிழ்த்துத் தட்டி, நீருக்குள் சரிக்கும் அந்தக் கைத்திருப்பம் அவர்களுக்குத் தெரியவில்லை. வாளி மிதந்துகொண்டே இருந்தது. அயலிலும் கேட்டார்கள், அங்கும் அள்ளிக் கொடுத்தேன். வன்னியில் மின்கம்பத்தில் மின்சாரம் ஓடியதை நான் பார்த்ததே 2009 க்குப் பிறகுதான் என்பதால், ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சுத்திரியும் வைத்து இரவெல்லாம் எரியும் விளக்கை எப்படிச் செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எரிவாயு அடுப்பை முற்றத்தில் வைத்துச் சோறும் பருப்பும் சமைத்தேன். அந்த நாள்களில் இரவுச் சாப்பாடு எட்டரை மணிக்கு நடந்தது. நிபந்தனை போடும் இடத்தில் நான் இருந்தேன்!

அயலவர்கள் என்னை உறுதி படைத்தவள் என்று புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை. வாளியில் அள்ளப் பழகியது ஒரு பாடநெறியில் அல்ல. ஏன் பிடிக்கவில்லை என்பதை அவர்களிடம் விளக்கவும் நான் விரும்பவில்லை. வீட்டம்மா மட்டும் புகழாமல், இதை எங்கே பழகினாய் என்று கேட்டார். கொஞ்சம் சொன்னேன். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் தண்ணீர்த் தாங்கிக்கு வரிசையில் நின்றது வரை சொன்னேன். அதற்கு முந்தைய மாதங்களைச் சொல்லவில்லை. அவர் மேலும் கேட்கவில்லை. 1917 டிசெம்பர் 6 ஆம் திகதி ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் இறந்தபோது, காயப்பட்டவர்களையும் வீடிழந்தவர்களையும் ரயிலில் ட்ரூரோவுக்குக் கொண்டுவந்ததையும், ஊர்க் கட்டடங்கள் மருத்துவமனைகளாக மாறியதையும், வீடுகளில் ஆட்களை ஏற்றுக்கொண்டதையும் தன் பாட்டி சொல்லக் கேட்டிருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் பாத்திரம் கழுவினோம்.

03.02.2025

அந்த மாதம் கட்டணத்தில் ஏதாவது கழித்தார்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. நானும் கேட்கவில்லை. ஐயா கயிறு வாங்கிய காசை மட்டும் என்னிடம் வாங்க மறுத்துவிட்டார்.

16.02.2025

காலபோக அறுவடை நடந்துகொண்டிருந்ததால் இந்தப் பக்கம் வரவில்லை. நவம்பர் இறுதி வெள்ளத்தில் படுத்துப்போன வரவைகளில் கிடைத்ததைப் பொறுக்குவதற்கே நேரம் சரியாக இருந்தது.

படிப்பு முடிந்து ஏன் திரும்பினீர்கள் என்ற கேள்விக்கு இங்கே பதில் எழுத மாட்டேன். அது வேறு இழை, அதில் எல்லோரும் என்னைப் பைத்தியம் என்பார்கள். திரும்பிய பிறகு நடந்ததை எழுதுகிறேன், ஏனென்றால் வளர்ச்சி என்று சொல்வதன் மறுபக்கம் அங்கேதான் தெரிந்தது. வந்த புதிதில் வீட்டில் எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்டேன். உர வியாபாரிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், குத்தகைக்கு யார் எவ்வளவு தர வேண்டும், மாமா வாங்கிய காசு எப்போது திரும்பும் என்று அப்பாவின் முன்னால் தாளோடு உட்கார்ந்தேன். அப்பா எழுந்து போய்விட்டார். மாமா இரண்டு மாதம் எங்கள் படலையைத் திறக்கவில்லை. நான் கற்றுக்கொண்டு வந்தது அந்தக் குளிர்நாட்டுச் சமையலறை மேசைக்கு உரியது என்றும், இங்கே அது வெறும் திமிர் என்றும் அம்மா சொன்னார்.

இப்போது அப்பாவோடு கணக்கு நடக்கிறது. ஆனால் வயல் வரம்பில், பின்னேரம், நடந்துகொண்டே நடக்கிறது. அவர் முகத்தை நான் பார்ப்பதில்லை, அவரும் பார்ப்பதில்லை. தாளை நான் இரவில் எழுதிக்கொள்கிறேன். கேட்கும் துணிவு ட்ரூரோவில் வந்தது. எங்கே நின்று கேட்பது என்பதை வவுனிக்குளத்தின் கீழ்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மாமாவின் காசு இன்னும் வரவில்லை.

18.02.2025

பலர் கேட்டதால், வீட்டை உறுதி செய்வதற்கு முன்னர் உங்கள் பிள்ளை காணொளி அழைப்பில் என்ன கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன். இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, எல்லோரும் ஒன்றாக உண்பார்களா என்று கேளுங்கள். என் முதல் வீட்டில் இந்தக் கேள்விக்கே பதில் தடுமாறியிருக்கும். கட்டணத்துக்குள் உணவும் சூடேற்றும் எண்ணெய்ச் செலவும் அடங்குமா, விலகுவதானால் எத்தனை வாரம் முன்னறிவித்தல் தேவை என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடைக்கும் கல்லூரிக்கும் எப்படிப் போவது என்று கேட்காமல் விடாதீர்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் பேருந்தை நம்பி இருக்க முடியாது. முன்னர் தங்கிய மாணவர் ஒருவரோடு கதைக்க முடியுமா என்று கேளுங்கள். நல்ல வீட்டுக்காரர் உடனே இலக்கம் தருவார். சட்டப்படி பராயமடையாத பிள்ளையானால் பாதுகாவலர் பத்திரம் போன்ற வேறு விதிகள் உண்டு. உங்கள் மகளுக்கு அது பொருந்தாது என்று நினைக்கிறேன்.

கறித்தூள் கொண்டு போகலாமா என்று கேட்ட அக்காவுக்கு: கொண்டு போகலாம். ஆனால் முதல் நாளே வறுத்தெடுத்து வீட்டின் புகை எச்சரிக்கை மணியை அலற விடாமல் இருந்தால் நல்லது.

01.03.2025

நெடுங்கேணி ஐயா நேற்று எழுதியிருக்கிறார். மகளோடு இருந்து இந்த இழை முழுவதையும் வாசித்தாராம். மகள் ரொறன்ரோக் கல்லூரியையும் மாமியின் வீட்டையும்தான் தெரிவு செய்திருக்கிறாள். ட்ரூரோவின் குளிரையும் ஐந்தரை மணிச் சாப்பாட்டையும் வாசித்த பிறகு அவளுக்கு மனம் வரவில்லையாம். இவ்வளவு எழுதியும் ஒருவரைக்கூடத் திருப்ப முடியாத என் எழுத்தை என்னவென்று சொல்வது!

மகளுக்கு ஒன்று சொல்கிறேன், தங்கச்சி. மாமியின் வீட்டுக்குப் போய் இறங்கிய முதல் கிழமையிலேயே, மாமா மாமி இருவரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மாதம் எவ்வளவு தருவாய் என்று ஒரு தொகையைச் சொல். வாங்க மாட்டார்கள், திட்டவும் கூடும். மறுத்தால், சனிக்கிழமை மரக்கறிக் கடைச் செலவை அல்லது இணையக் கட்டணத்தை உன் பெயருக்கு மாற்றிக்கொள்; அதைத் தடுப்பது அவர்களுக்குக் கடினம். வாரத்தில் எந்த நாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியும், எந்த நாள் முடியாது என்பதையும் அதே கிழமையில் சொல்லிவிடு. மூன்றாவது மாதத்தில் சொன்னால் அது முறைப்பாடாகிவிடும். ஐயா, நீங்களும் தங்கைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் எதையும் சொல்லி வைக்காதீர்கள். அவளே சொல்லட்டும்.

02.03.2025

ஐயா ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.

பரவாயில்லை. தங்கச்சி, தொகையை மட்டும் நீயே சொல்.